எதிர்ப்பவர்கள் உண்டா?

முடிச்சக்காவின் வலது கைக்கு எப்போதும் கொஞ்சம் தாமதம். நூலாலையில் கோன் எனும் கூம்பு உருளைகளில் நூல் சுற்றும் பிரிவில் அவளுக்கு வேலை. மெஷின் ஓட ஓட நூல் அறும். அறுந்த இரண்டு முனைகளையும் பிடித்துக் கண் இமைப்பதற்குள் முடிச்சுப் போட வேண்டும். விரல் வேகத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை, அந்தப் பெயரே அப்படி வந்ததுதான். ஆனால் நிறைந்த கோன்களைத் தலைக்கு மேலே இருக்கும் தட்டில் ஏற்றி ஏற்றி, தோள்பட்டை ஒருநாள் பிடித்துக்கொண்டது. பிடித்தது பிடித்ததுதான், விடவேயில்லை. இப்போது வலது கை மேலே போக வேண்டுமென்றால் முழங்கையை இடது கையால் தாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாக ஏற்ற வேண்டும். "உன் கை கிளம்பிடுச்சா, இன்னும் வழியில இருக்கா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

ஆலை அரசாங்கத்தினுடையது. அரசாங்கம் என்றால் யாரோ இல்லை, நாம்தான் என்று வாசல் சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கும். அவள் குடியிருக்கும் வீடு ஆலை கொடுத்தது. மகளைப் படிக்க வைத்து வெளியூர் வேலைக்கு அனுப்பியது ஆலைப் பள்ளி. இவை எல்லாவற்றையும்விடப் பெரிது ஆலை ஆஸ்பத்திரி. பாய்லரில் நெருப்போடு மல்லுக்கட்டிய மனிதர் அவள் வீட்டுக்காரர், இன்றைக்கும் ஊரே அவரை 'பாய்லர்' என்றுதான் கூப்பிடுகிறது. அவருடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு வருஷங்கள் ஆகின்றன. ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து, டயாலிசிஸ் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவதால்தான் அவர் நடமாடுகிறார். வெளியே காசு கொடுத்து அதைச் செய்துகொள்ள அவர்களால் ஒரு வாரம்கூட முடியாது. அப்புறம் அவர் இருக்க மாட்டார், அவ்வளவுதான் கணக்கு.

அதனால் அவள் நன்றி கெட்டவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆலை தனியார் கையில் இருந்த காலத்தில் அவள் அம்மாவும் இங்கேதான் வேலை செய்தாள். பஞ்சைச் சுவாசித்துச் சுவாசித்து இருமல் முற்றியதும் வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். வைத்தியம் என்று ஒன்று பார்க்காமலே போய்ச் சேர்ந்தாள். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்த அரசாங்கத்தின் அருமையை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவள் காதுபட யாராவது அரசாங்கத்தைக் குறை சொன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சண்டைக்கே போவாள்.

அப்படிப்பட்டவள்தான் ஆலையின் சரித்திரத்திலேயே முதல்முறையாக அரசாங்கத் தீர்மானத்தை எதிர்த்துக் கை தூக்கினாள். தூக்கினாள் என்று சொல்வதுகூடத் தப்பு. நடந்தது இதுதான்.

மாதம் ஒருமுறை தொழிலாளர் பேரவை கூடும். சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டால் அதுதான் பேரவை. வேலை செய்கிறவர்கள் எல்லாரும் உறுப்பினர்கள், உடம்பு முடியாமல் ஓய்வு பெற்றவர்களுக்கும் ஓட்டு உண்டு. மேலாளர் தீர்மானத்தைப் படித்துவிட்டு, "ஆதரிப்பவர்கள்?" என்பார். வலது கைகள் மேலே போகும். இடது கையைத் தூக்குவது மரியாதை இல்லை என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்தது அப்படியே நின்றுவிட்டது. அடுத்து, "எதிர்ப்பவர்கள் உண்டா, இல்லை, ஏகமனதாக நிறைவேறியது" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே கொசு நுழையக்கூட இடமிருக்காது. முடிச்சக்காவின் கை பாதி வழியில் இருக்கும்போதே எல்லாரும் டீக்கு நடந்துகொண்டிருப்பார்கள். இத்தனை வருஷத்தில் அந்தக் கை ஒரு தீர்மானத்துக்காவது உருப்படியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதே சந்தேகம். யாரும் கவனித்ததில்லை. எண்ணினால்தானே கவனிப்பதற்கு!

அன்றைக்கு மட்டும் மேடையில் மேலாளர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேலிடத்திலிருந்து வந்த பார்வையாளர். வெள்ளைச் சட்டை, அதிராத குரல், எதைப் பார்த்தாலும் லேசாகத் தலையசைக்கிற பழக்கம். மேலாளர் படித்த தீர்மானமும் வழக்கமான தீர்மானம் இல்லை. வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி மூன்றையும் கவனிக்கிற ஆலைக்குழுவை இத்தனை நாளாகத் தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். இனித் தேர்தல் வேண்டாம், குழுவை மேலிடமே நியமிக்கும் என்றது தீர்மானம். "தேர்தல்னா போட்டி, போட்டின்னா சண்டை. நமக்குத் தேவை சண்டையா, மருந்தா?" என்று மேலாளர் கேட்டார். மருந்துதான் என்று முடிச்சக்காவும் மனதுக்குள் பதில் சொன்னாள். வேறென்ன சொல்வாள்?

"ஆதரிப்பவர்கள்?"

கைகள் எழுந்தன. அவளுடைய கையும் கிளம்பியது. மேலாளர் வழக்கம்போல மூச்சைப் பிடித்து ஓடியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் பார்வையாளர் பக்கத்தில் இருக்கிறாரே, ஜனநாயகம் எவ்வளவு முறையாக நடக்கிறது என்று காட்ட வேண்டாமா? எல்லாரையும் கையை இறக்கச் சொன்னார். தொண்டையைச் செருமினார். "எதிர்ப்பவர்கள் உண்டா?" என்று நிதானமாகக் கேட்டுவிட்டு, வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் காத்திருந்தார்.

அந்த அமைதிக்குள் முடிச்சக்காவின் கை மெதுவாக ஏறி வந்து உச்சியில் நின்றது.

கண்ணை இறுக மூடியிருந்தாள், வலி; இறக்கச் சொன்னது காதில் விழவேயில்லை. திறந்தபோது கூடம் முழுக்கத் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. முன் வரிசையில் இருந்தவர்கள்கூட உடம்பைத் திருப்பிப் பார்த்தார்கள். மேலாளரின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. ஒரே ஒரு வார்த்தை, "இல்லைங்க, கை லேட்டாயிடுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாரும் சிரித்துவிட்டு டீக்குப் போயிருப்பார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கையை இறக்கவும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் நாற்காலியை நகர்த்திக்கொள்வது மட்டும் கேட்டது.

பார்வையாளர் குனிந்து மேலாளரிடம் ஏதோ சொன்னார். ஆலை ஆரம்பித்த காலத்தில் எழுதி யாரும் தொடாமல் விட்ட விதி ஒன்று இருந்தது. ஒருவர் எதிர்த்தாலும் தீர்மானம் அன்று நிறைவேறாது. அடுத்த வாரம் மறுபடி கூட வேண்டும். எதிர்த்தவர் எல்லார் முன்னிலையிலும் காரணம் சொன்ன பிறகே ஓட்டெடுக்க வேண்டும். மேலாளர் அதை அறிவித்த குரல் யாருக்கோ இரங்கல் படிப்பது போலிருந்தது.

வீட்டுக்கு வந்து பாய்லரிடம் சொன்னாள். கட்டிலில் சாய்ந்திருந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கல்யாணத்தன்னிக்கே நீ லேட்டு. இப்ப அரசாங்கத்தையே லேட்டா வந்து கவுத்துட்டியே!"

"சிரிக்காதீங்க. உங்க மெஷினை நிறுத்திட்டா?"

"யார் நிறுத்துவாங்க?"

யார் என்று தெரிந்திருந்தால் அவர் காலிலாவது விழுந்திருப்பாள்.

மறுநாள் ஆலையில் யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கோன் பிரிவு மேற்பார்வையாளர் "வாங்க வாங்க" என்றார். நேற்றுவரை "வா" என்று கூப்பிட்டவர். ஜன்னலோரத்தில் காற்று வரும் மெஷினை அவளுக்குக் கொடுத்தார். அந்த மெஷினுக்காக எத்தனையோ பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எதற்கு இந்த மரியாதை என்று அவளுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. டீ நேரத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சு காலியாகவே கிடந்தது. கைகழுவும் இடத்தில் மட்டும் பஞ்சுப் பிரிவில் வேலை செய்யும் ஒருத்தி ஓடி வந்து அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அக்கா, எங்க எல்லாருக்கும் சேர்த்து நீங்க ஒருத்தர் தூக்கினீங்க."

"அய்யோ, நான் தூக்கலம்மா!"

"புரியுதுக்கா. அப்படித்தான் சொல்லணும்," என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் குழாய்க்காரர் நிற்கிறார். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று எத்தனையோ முறை சொல்லியும் எட்டிப் பார்க்காத மனிதர், கூப்பிடாமலே பையோடு வந்து நிற்கிறார். அவள் பேசாமல் உள்ளே விட்டாள். அவர் குழாயைக் கழற்றினார், மாட்டினார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நல்ல வெளிச்சமான வீடு," என்றார்.

அவர் போன பிறகு அவள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நல்ல வெளிச்சமான வீடு. யாருக்கு? அடுத்து யார் வரப்போகிறார்கள்? "ஏம்மா, மனுஷன் ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கார்," என்றார் பாய்லர். அது அவள் காதில் ஏறவேயில்லை.

அதற்கடுத்த நாள் டயாலிசிஸ் நாள். அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனாள். நர்ஸ் எப்போதும்போலச் சிரித்த முகம்தான். ஊசியைக் குத்தி, குழாயைப் பொருத்தி, மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "அண்ணனுக்கு அடுத்த வாரத்துலேருந்து நேரம் மாறுதுக்கா. காலையில இல்ல, சாயங்காலம்."

முடிச்சக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"யார் மாத்தச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்கார். தூரத்துலேருந்து வர்றார், அவருக்குக் காலைதான் தோது."

"நிஜமாவா?"

நர்ஸ் அவளை வெளியே தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்தாள். பேரவையில் நடந்தது அவளுக்கும் தெரிந்திருந்தது, யாருக்குத்தான் தெரியாது?

"அக்கா, நீங்க என்னைத் தப்பா நினைக்காதீங்க. மேல இருந்து எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. சத்தியமா."

"அது போதும்மா."

"ஆனா நாளைக்கே சொன்னா?" நர்ஸின் குரல் இறங்கியது. "இத்தனை நாள் குழுவுல ஒரு ஆள்கிட்டயாவது போய் நின்னு, ஏன்னு கேக்கலாம். அடுத்த தேர்தல்ல எங்க ஓட்டு வேணுமேன்னு அவங்களும் பதில் சொல்வாங்க. இனிமே நான் யாரைக் கேக்கிறது? அவங்க சொன்னதைச் செய்யறதைத் தவிர எனக்கு வேற வழி இருக்காக்கா?"

முடிச்சக்கா உள்ளே போய், ரத்தம் குழாய்க்குள் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் அந்தச் சிவப்பைப் பார்க்கும்போது நிம்மதியாக இருக்கும். அன்றைக்கு, ஒரு விரல் ஒரு பொத்தானை அழுத்தினால் நின்றுவிடும் என்பது மட்டும்தான் தெரிந்தது. அந்த விரல் யாருடையது என்று யோசித்து யோசித்து அவளுக்குத் தலை வலித்தது.

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் நுழைந்ததும் எழுந்து தானே நாற்காலியை இழுத்துப் போட்டார், டீ வரவழைத்தார். அவள் உட்கார மாட்டேன் என்று நின்றாள்.

"உட்காரும்மா. நானும் குடும்பஸ்தன்தான். உன்னை ஏதாவது செய்யணும்னு எனக்கு ஆசையா? நீ மேடைக்கு வந்து, தப்பா தூக்கிட்டேன்னு ஒரு வரி சொல்லிடு. அதோட முடிஞ்சுது."

"நிஜமாவே தப்பாத்தான் சார் தூக்கினேன். தோள்பட்டை பிடிப்பு. கை லேட்டாப் போச்சு."

மேலாளர் பாராட்டுகிற மாதிரி தலையாட்டினார்.

"நல்லா இருக்கு. தோள்பட்டை. இதையே சொல்லு. யோசிச்சு வெச்சதுபோலவே தெரியல."

"சார், அது நிஜம்!"

"நிஜம்தாம்மா, நிஜம்தான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு மட்டும் என்கிட்ட சொல்லிடு. பார்வையாளர் என்னைத்தான் கேக்கறார். உன் ஆலையில இது எப்படி நடந்துச்சுன்னு என்னைக் கேக்கறாரும்மா."

டீக் கோப்பையை எடுத்தவரின் கை ஆடியது, தட்டில் டீ சிந்தியது. முடிச்சக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது, இந்த மனிதரும் நடுங்குகிறார். தன்னைப் பார்த்து அவருக்குப் பயம், அவருக்கு மேலே இருப்பவரைப் பார்த்தும் பயம், அந்தப் பார்வையாளர் வீட்டுக்குப் போய் யாரை நினைத்துப் பயப்படுகிறாரோ. எல்லாருக்கும் சொந்தம் என்று சொல்கிற ஆலையில் பயப்படாத ஆள் ஒருவரும் தேறமாட்டார் போலிருந்தது. அது தெரிந்ததும் அவள் பயம் குறைந்திருக்க வேண்டும். இரண்டு மடங்கானது.

கூட்டத்துக்கு முதல்நாள் அவள் தம்பி வந்தான். வேறொரு ஊரில் அலுவலகத்தில் வேலை, நாலு பேரோடு விவாதம் செய்யாவிட்டால் சாப்பாடு இறங்காத ஆசாமி. விஷயத்தைக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டான்.

"இது ரொம்ப சிம்பிள்க்கா. எல்லாத்தையும் அரசாங்கமே கொடுக்கணும்னா நாம வாயைத் திறக்கக் கூடாது. வாயைத் திறக்கணும்னா எல்லாத்தையும் நாமளே காசு கொடுத்து வாங்கிக்கணும். பொதுவுடைமையும் ஜனநாயகமும் ஒரே வீட்டுல குடியிருக்காது."

"யாருப்பா சொன்னது?" என்றார் பாய்லர் கட்டிலில் இருந்தபடியே.

"யோசிச்சுப் பாருங்க மாமா. முதலாளிகிட்ட வேலை பார்த்தா, பிடிக்கலன்னா வேற முதலாளியைத் தேடிப் போகலாம். இங்க வேலை கொடுக்கிறதும், வீடு கொடுக்கிறதும், ஊசி போடறதும் ஒரே ஆள். அவரைப் பகைச்சுக்கிட்டு எங்க போவீங்க?"

"நீயே கேள்வியும் கேட்டு நீயே பதிலும் சொல்லிட்ட மாப்ள. வேற எங்கேயும் போக முடியாதுன்னா, அங்கதானே கேள்வி கேக்குற உரிமை அதிகமா வேணும்?"

"மெதுவாப் பேசுங்க!" என்று முடிச்சக்கா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். சாத்தியதும், பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்தினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பயந்து மறுபடி திறந்தாள்.

பாய்லர் நிறுத்துவதாக இல்லை. "இந்த டயாலிசிஸ் மெஷின் எப்படி வந்துச்சு தெரியுமா? அந்தக் காசுல விருந்தினர் மாளிகை கட்டறதாத்தான் மேலிடத்துத் திட்டம். ஓட்டு வாங்கி ஜெயிச்ச குழு ஒத்துக்கல. ஜனங்ககிட்ட என்ன பதில் சொல்றதுன்னு சண்டை போட்டாங்க. நானும் அதுல இருந்தேன், அப்ப எனக்கு உடம்பு கல்லு மாதிரி. யாருக்கோ தேவைப்படும்னுதான் கேட்டேன், எனக்கேன்னு தெரியாது. காசு அரசாங்கத்தோடது, கேட்ட வாய் நம்மளது. ரெண்டும் இருந்ததாலதான் இன்னைக்கு நான் உக்காந்து உன்கூட வாயடிக்கிறேன்."

"சரி மாமா, அதுக்காக அக்கா நாளைக்கு என்ன சொல்லணுங்கிறீங்க?"

பாய்லர் மனைவியைப் பார்த்தார். அவள் ஒரு வாரத்தில் பாதியாகிப் போயிருந்தாள்.

"தப்பாத் தூக்கிட்டேன்னு சொல்லட்டும். அதான் நிஜம்," என்றார். "ஆனா நானும் வர்றேன். எனக்கும் ஓட்டு இருக்கில்ல."

கூடம் அன்றைக்கு நிரம்பி வழிந்தது. முதல்நாள்தான் டயாலிசிஸ் முடிந்திருந்ததால் பாய்லர் துவண்டு போயிருந்தார். நாற்காலிகளுக்கு நடுவே சக்கர நாற்காலி போகவில்லை. அவளைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து நடு வரிசையில் உட்கார்ந்தார். மேலாளர் அவள் பெயரைக் கூப்பிட்டார். மேடைக்கு எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. மைக்கில் தன் மூச்சே இரைச்சலாகக் கேட்டது.

"தப்பா தூக்கிட்டேங்க. எனக்குத் தோள்பட்டை பிடிப்பு. நான் எதையும் எதிர்க்கல. எனக்கு அரசாங்கம்தான் எல்லாம். மன்னிச்சுக்கோங்க."

நாலைந்து பேர் சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. பெருமூச்சு விட்டதுபோன்ற சிரிப்பு. பஞ்சுப் பிரிவுக்காரி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். முடிச்சக்கா இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது முதுகெல்லாம் நனைந்திருந்தது. முடிந்தது, தப்பித்தோம் என்று பாய்லர் காதோரம் சொன்னாள். அவர் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆதரிப்பவர்கள்?" கைகள் எழுந்தன. இந்தமுறை அவள் முன்னாலேயே முழங்கையைத் தாங்கித் தயாராக இருந்தாள், கை நேரத்துக்குப் போனது. மேலாளர் திருப்தியோடு கையை இறக்கச் சொன்னார். பார்வையாளர் இன்றும் பக்கத்தில் இருக்கிறாரே, இன்றும் காத்திருந்தாக வேண்டும்.

"எதிர்ப்பவர்கள் உண்டா?"

பாய்லர் கையைத் தூக்கினார். மெலிந்த கை, ஊசி குத்திக் குத்தித் தடித்த நரம்பு. தாமதம் ஏதுமில்லாமல் நேராகப் போய் நின்றது.

"ஐயோ, கையை இறக்குங்க," என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உங்களுக்கென்ன பைத்தியமா? உங்க உயிருங்க அது!"

"என் உயிர்தானே. அதை வெச்சு ஒரு வாரமா பயம் உன்னை இந்த ஆட்டு ஆட்டியிருக்கு. யாரும் ஒரு வார்த்தை சொல்லல, ஒரு விரல் அசைக்கல. அப்படியிருந்தும் நீ குழாய்க்காரனைப் பாத்துப் பயந்த."

மேலாளர் பார்வையாளரைப் பார்த்தார். பார்வையாளர் லேசாகத் தலையசைத்தார். இது மறுகூட்டம், இங்கே எதிர்த்தவர் பேசாமல் தீர்மானம் நிறைவேறியதாக எழுத முடியாது, அதே பழைய விதி. "மேடைக்கு வாங்க," என்றார் மேலாளர் வறண்ட குரலில்.

பாய்லர் எழுந்தார். எழுந்தவருக்குக் கால் நிற்கவில்லை. அவள் இடுப்பில் கை கொடுத்துத் தாங்கினாள், தாங்காவிட்டால் விழுந்திருப்பார். ஒரு பக்கம் மேடை, மறுபக்கம் வாசல். மனிதர் தக்கையாக இருந்தார். தலைசுற்றுகிறது அவருக்கு, வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று வாசல் பக்கம் திருப்பினால் யாரும் தடுக்கமாட்டார்கள். மேலாளரின் கண்கள் அதைத்தான் கெஞ்சின. நாளைக்கே அடுத்த டயாலிசிஸ்.

"நிஜமாவே பேசணுமா?" என்று கேட்டாள்.

"நீ அங்க கூட்டிட்டுப் போனா பேசறேன். வாசலுக்குக் கூட்டிட்டுப் போனா வந்துடறேன். உன்மேல வருத்தப்பட மாட்டேன். நீயே சொல்லு."

இப்படி ஒரு கேள்வியை, பதிலுக்குக் காத்திருந்து, அவளிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை. பயம் எள்ளளவும் குறையவில்லை. ஓடிவிடு, ஓடிவிடு என்றுதான் உடம்பு சொன்னது. வாசலைப் பார்த்தாள், ஒருமுறை இல்லை, பலமுறை பார்த்தாள். பிறகு அவரை மேடைப் பக்கம் திருப்பினாள். நாற்காலிகள் விலகி வழிவிட்டன.

மைக் முன்னால் அவரை நிறுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஆஸ்பத்திரி இல்லன்னா நான் இல்ல," என்றார் பாய்லர். "அதை முதல்ல சொல்லிடறேன். இது அரசாங்கத்துகிட்டயே இருக்கணும். முதலாளி கையில இருந்த காலத்தையும் பார்த்தவன் நான். ஆனா..."

மூச்சு வாங்கியது. இன்னொருமுறை "ஆனா" என்றார், முடியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். கூடம் காத்திருந்தது. மேலாளர் மணியைப் பார்த்தார். முடிச்சக்கா மைக் பக்கம் குனிந்தாள். குரல் நடுங்கியது, அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

"ஆனா கொடுக்கிறவங்களைப் பார்த்துப் பயப்படாம வாங்கிக்கணும். ஏன்னு கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணும், அந்த ஆளை நாங்க மாத்த முடியணும். இல்லன்னா இது எங்களோடதுன்னு வாசல்ல எழுதியிருக்கிறது எதுக்கு?"

மேலாளர் தொண்டையைச் செருமினார். "இது குறிப்புல போகணும். அவர் சொல்ல வந்ததை நீங்க சொல்றீங்க, அப்படித்தானேம்மா? அவர் கருத்துன்னுதானே எழுதிக்கணும்?"

அதுவும் ஒரு வாசல்தான், மேலாளர் அவளுக்காகத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். பார்வையாளர் பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார். பாய்லர் அவள் தோளில் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார், அவரால் ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அவள் அவர் இடுப்பில் பிடியை இறுக்கிக்கொண்டாள்.

"என்னோடதுன்னே எழுதிக்கோங்க," என்றாள்.